ஆவியாகும் வேகம்



சித்திரை மாத நண்பகலில் மலைக்கோட்டைப் படியில் சிந்திய நீர் சிறிது நேரத்தில் உலர்ந்துவிடுகிறது. அதே படியில் சிந்திய விளக்கெண்ணெயோ நாட்கள் சென்றாலும் அகலுவதில்லை. வெயிலும் ஒன்று, காற்றும் ஒன்று. பின் ஏன் இந்த வேற்றுமை?

கல்லூரி ஆய்வுக்கூடத்தில், நெருப்பு அருகில் இல்லாதபோது, ஆசிரியர் முன்னிலையில் ஐந்து கண்ணாடித் தட்டுகளில் ஈதர், அசிட்டோன், ஆல்கஹால், நீர், நல்லெண்ணெய் இவற்றை ஒவ்வொரு துளி இட்டுப் பாருங்கள். முதலில் மறைவது ஈதர், அடுத்து அசிட்டோன், பின்னர் ஆல்கஹால், அதன் பின்னரே நீர். நல்லெண்ணெய் அப்படியே நிற்கும். 20 டிகிரி சென்டிகிரேடில் இவற்றின் ஆவி அழுத்தத்தை அளந்தால், நீருக்கு ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் பாதரசம், ஆல்கஹாலுக்கு 44, அசிட்டோனுக்கு 185, ஈதருக்கு 440. மூலக்கூறுகள் திரவத்தை விட்டு வெளியேற எவ்வளவு முனைகின்றன என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. நீரின் மூலக்கூறு எடை 18. ஈதரின் எடை 74. இலேசானதல்லவோ முதலில் பறக்க வேண்டும்? ஆனால் நீரின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பினால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. ஈதர் மூலக்கூறுகளுக்குள் அத்தகைய பிணைப்பு இல்லை. எண்ணெய் மூலக்கூறுகளோ மிகப் பெரியவை. அவற்றின் நெடிய உடல்கள் பல இடங்களில் ஈர்க்கப்படுவதால் எளிதில் விடுபடா. திருவரங்கத்து மூலவரின் திருமேனி சுதையாலானது. அதற்கு நீராட்டு இல்லை, தைலக்காப்பே உண்டு. தைலம் நீரைப்போல் உலர்ந்துபோகாமல் தங்கும் இயல்புடையது.

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 காலோரி வெப்பம் வேண்டும். ஆல்கஹாலுக்கு 220 போதும். எனினும் உள்ளங்கையில் ஆல்கஹாலே மிகுதியாகக் குளிர்கிறது. ஒரே நேரத்தில் அது நீரைவிடப் பன்மடங்கு ஆவியாவதே காரணம். மண்பானையில் கசியும் நீரோ மெல்லவே செல்கிறது. ஆயினும் ஒவ்வொரு கிராமும் பெரும் வெப்பத்தை உடன்கொண்டு போவதால் பானை நீர் குளிர்கிறது.

ஐப்பசி மழைக்காலத்தில் திருச்சியில் ஈரவேட்டி எளிதில் உலர்வதில்லை. ஆல்கஹால் துளியோ அப்போதும் விரைந்தே மறைகிறது. காற்றில் நீராவி நிறைந்திருக்கிறது. ஆல்கஹால் ஆவி இல்லை. ஆதலால் ஈரக்காற்று நீரின் வழியையே பெரிதும் அடைக்கிறது.

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, திருவரங்கத்தை இருபுறமும் அணைத்துச் செல்கின்றன. அகன்ற மணற்பரப்பில் மெல்லிய நீரோட்டமாய்ப் பாயுங்கால் வெயிலும் காற்றும் அதன் ஒரு பங்கைக் கவர்ந்துகொள்கின்றன. நீர் ஈதரைப்போல் பிணைப்பற்றதாய் இருந்திருப்பின், கல்லணை வரையில் ஆறு வந்து சேருமா என்பதே ஐயம். தஞ்சை வயல்களின் பசுமை, கண்ணுக்குத் தெரியாத அச்சிறு பிணைப்பைச் சார்ந்து நிற்கிறது.