புதுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு துணை வேண்டும்

(லெம்பா பெர்த்தாமில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் சங்கத் தொண்டரான கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டுக் கூரை என்று நாம் கூடிப் பேசாத நாள் இல்லை. இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளியில் காலெடுத்து வைக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் தோழர்களை ஒன்று கேட்கிறோம். புதிதாகக் கத்தி பிடிப்பவரை முதல் நாளே தனியாக நிரையில் விட்டுவிடுவீர்களா? மாட்டீர்கள். பழகிய கை ஒன்று பக்கத்தில் நிற்கும். ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்திவிட்டால், அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது என்பது நமக்குத் தெரியும். இங்கே மலையில் கொழுந்தெடுக்க வரும் புதியவருக்கும் இரண்டு நாளாவது ஒருவர் சொல்லிக் கொடுக்கிறார். மரத்துக்குக் காட்டும் இந்தக் கவனத்தை நாம் பெற்ற பிள்ளைக்குக் காட்டுகிறோமா?

நாங்கள் இதே பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்கள். ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நால்வர் ஒன்றாகப் புகுமுக வகுப்புக்குப் போனோம். நால்வரில் ஒருவன் கணக்கில் புலி. தராசில் கொழுந்துக் கூடைகள் ஏறும்போதே, கிராணி பேனாவை எடுப்பதற்குள் மொத்தத்தைக் கூட்டிச் சொல்லிவிடுவான். இரண்டாம் வாரம் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். அவன்தான் முதலில் விடை எழுதினான். எப்படி வந்தது என்று தேசிய மொழியில் கேட்டார்கள். அவனுக்கு வழி தெரியும். சொல்ல வார்த்தை வரவில்லை. பார்த்து எழுதினாயா என்றார்கள். வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

மறுநாள் அவன் பஸ் ஏறினான், ரிங்லெட்டில் இறங்கிவிட்டான். மாலையில் அதே பஸ்ஸில் வீடு திரும்பினான். இப்படியே மூன்று வாரம் போயிற்று. அவனுடைய தாயார் இருட்டில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார். பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. தேசிய மொழிக் கடிதத்தைத் தகப்பனாருக்கு அவனே படித்துக் காட்டினான். விளையாட்டுப் போட்டிக்கு அழைத்திருக்கிறார்கள் என்றான்! பஸ்ஸில் இருந்த எங்கள் அனைவருக்கும் உண்மை தெரியும். காட்டிக் கொடுப்பது தவறு என்று எண்ணி வாய் திறக்கவில்லை. செய்தி வெளிப்பட்டபோது அவன் காய்கறித் தோட்டத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அது பொய் என்று அறிந்த நாங்கள் இன்று கணக்குப் புத்தகத்தின் முன் அமர்ந்திருக்கிறோம்.

தோழர்களே, ஒரு காலத்தில் இடைநிலைப்பள்ளிக்குக் கதவே அடைத்திருந்தது. 1964 வரை நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. தேறாத பிள்ளையின் படிப்பு பெரும்பாலும் அத்தோடு சரி. 1965 முதல் அந்தத் தடை நீங்கிற்று. 1988 இல் வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021 இல் நிறுத்தப்பட்டது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2025 இல் மக்களவையில் நிறைவேறியது. கதவு திறந்துவிட்டது, உண்மை. ஆனால் வாசற்படி உயரமாகவே இருக்கிறது.

அந்தப் படி எது? தமிழ்ப்பள்ளியில் நம் பிள்ளை ஆறு ஆண்டு கற்ற அறிவு வீண் அறிவன்று. பின்னம் அவனுக்குத் தெரியும். அங்கே அதன் பெயர் 'பெச்சாஹான்'. பரப்பளவு தெரியும், அங்கே அது 'லுவாஸ்'. ஒளிச்சேர்க்கை தெரியும், அங்கே 'ஃபோத்தோசிந்தெசிஸ்'. பொருள் தெரிந்த பிள்ளை பெயர் தெரியாமல் ஊமையாக நிற்கிறான். சிற்றூர்ப் பள்ளியில் எல்லாரும் அவனைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். பெரிய பள்ளியில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், அவன் யாரென்று அறிந்தவர் எவருமில்லை.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம். பணம் வேண்டாம், மனம் வேண்டும்.

முதலாவது, துணை. இரண்டாம் படிவம் முதல் நான்காம் படிவம் வரை படிக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும், புதிதாகப் போகும் ஒரு தம்பியை அல்லது தங்கையை ஏற்றுக்கொள்ள வேண்டும். எஸ்.பி.எம். எழுதும் ஐந்தாம் படிவத்தாரை விட்டுவிடுவோம். விடுமுறையிலேயே தொடங்கட்டும். ஒரு நோட்டில் இரண்டு பத்தி: இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் தேசிய மொழிச் சொல். நாளைக்கு ஐந்து சொல் போதும். முதல் மூன்று மாதம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஓய்வு வேளையில் ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். யாராவது சிரித்தால், சேர்ந்து சிரிக்காமல் இருக்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இடையில் இறங்கினால் அன்று மாலையே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். மாணவர்களே, அது காட்டிக் கொடுப்பதாகாது. நாங்கள் சொல்லியிருந்தால் எங்கள் தோழன் படித்திருப்பான்.

இரண்டாவது, பெற்றோர். தேசிய மொழியில் போதிய தேர்ச்சியில்லாத தமிழ், சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கே புகுமுக வகுப்பு. அது தோல்வி வகுப்பு அன்று. மொழிக்குக் கிடைத்த ஓராண்டு. 'ஒரு வருஷம் வீண்' என்று பிள்ளையின் காதில் விழச் சொல்லாதீர்கள். பள்ளிக்கூடத்துக் கடிதம் வந்தால் பிள்ளையைப் படிக்கச் சொல்லாதீர்கள். சங்கக் கிளைக்கோ கிராணியிடமோ கொண்டு வாருங்கள். வாசித்துச் சொல்வதும், பாரம் நிரப்பித் தருவதும் எங்கள் கடமை. பிள்ளை நின்றுவிட்டான் என்று தெரிந்தால் கை ஓங்க வேண்டாம். என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, தமிழ். தேசிய மொழியில் நம் பிள்ளை முன்னேறட்டும்; அதற்காகத் தாய்மொழியை வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. 1996 கல்விச் சட்டத்தின்படி, 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழிப் பாடத்துக்கு வசதி செய்ய வேண்டும். ஒருவர் போய்க் கேட்டால் மனு. 15 பேர் சேர்ந்து கேட்டால் உரிமை. சங்கத்தில் பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த மலையில் நம்மவர் தொகை குறைந்து வருகிறது. பல குடும்பங்கள் டவுனுக்குப் போய்விட்டன. நிரைகளில் வெளிநாட்டுத் தோழர்கள் நிற்கிறார்கள். அதனால் கைவிட்டுவிடலாம் என்பதல்ல. எண்ணிக்கை குறையக் குறைய, தனியாகப் பஸ் ஏறும் பிள்ளையின் தனிமை பெருகுகிறது. பத்துப் பேர் போன காலத்தில் தானாகக் கிடைத்த துணையை இப்போது நாம் ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் யாரும் உடனே கலைந்துவிட வேண்டாம். மேசையில் ஒரு தாள் இருக்கிறது. ஒரு பக்கம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெயர். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. அண்ணன்மார்களே, அக்காமார்களே, அந்தக் காலியிடத்தை நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.