யாரை யார் நியமிப்பது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்தில் கங்காணியை நியமிப்பவர் துரை. கமிட்டித் தலைவரை நாம் கூடித் தெரிவுசெய்கிறோம். அதனால்தான் கங்காணி துரைக்குப் பதில் சொல்கிறார். தலைவர் நமக்குப் பதில் சொல்கிறார். நாட்டின் பெரிய பதவிகளுக்கும் இதே கணக்குத்தான்.

பிரதம நீதியரசர், சட்டமா அதிபர், பொலிஸ் மா அதிபர் ஆகியோரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆனால் தனியாக அல்ல. அவர் பெயரைச் சொல்ல வேண்டும். அரசியலமைப்புப் பேரவை அதை அங்கீகரிக்க வேண்டும். தேர்தல், பொலிஸ், மனித உரிமைகள் ஆணைக்குழுக்களுக்குப் பேரவையே பெயர்களைச் சிபாரிசு செய்கிறது. அந்தச் சிபாரிசு இல்லாமல் ஜனாதிபதி யாரையும் நியமிக்க முடியாது.

பேரவையில் பத்துப் பேர். சபாநாயகர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் உட்பட ஏழு பேர் பாராளுமன்ற உறுப்பினர்கள். சிறிய கட்சிகளுக்கும் ஓர் இடம் உண்டு. மீதி மூவர் எந்தக் கட்சியிலும் இல்லாதவர்கள்; அவர்களின் பெயர்களைப் பாராளுமன்றம் அங்கீகரிக்க வேண்டும்.

இந்தப் பேரவை 2001இல் 17ஆவது திருத்தத்தால் வந்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. 2015இல் திரும்ப வந்தது. 2020இல் மறுபடி போனது. 2022இல் 21ஆவது திருத்தத்தோடு மீண்டும் வந்திருக்கிறது. பேரவை இல்லாத காலங்களில் பாராளுமன்றக் குழு அபிப்பிராயம் மட்டும் சொல்லலாம், முடிவு ஜனாதிபதியுடையது.

பேரவை ஒருமனதாக முடிவெடுக்க முடியாவிட்டால், குறைந்தது ஐந்து பேரின் ஆதரவு வேண்டும். பொலிஸ் மா அதிபர் நியமனத்தில் அந்த ஐந்து வாக்குகள் கிடைத்தனவா என்று கேட்டு வழக்குகள் போடப்பட்டன. 2024 ஜூலை 24ஆம் திகதி, அவர் அப்பதவியில் செயற்பட உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒரு வாக்குக்கு எவ்வளவு பெறுமதி என்று பாருங்கள்.

இதெல்லாம் கொழும்பு விசயம், நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். 1948இல் நமது பிரஜாவுரிமையைப் பறித்தபோதும் அது கொழும்பில்தான் நடந்தது. தோழர்களே, பொலிசார் முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அரச அதிகாரி ஒருவர் நமது அடிப்படை உரிமையை மீறினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் போகலாம். கண்டியிலும் பதுளையிலும் அதன் அலுவலகங்கள் உள்ளன. உயர் நீதிமன்றம் போகும் வழியும் திறந்திருக்க வேண்டுமானால், ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்யுங்கள். அந்தக் கதிரைகளில் பயமில்லாத ஆட்கள் இருந்தால்தான் நமது கடிதத்துக்குப் பதில் வரும்.

பேரவையின் உறுப்பினர்கள் நாட்டின் பன்முகத் தன்மையைக் காட்ட வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. நாமும் இந்த நாட்டு மக்கள்தான். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் பாதையும் கூரைத் தகரமும் கேட்கிறோம். இனி இதையும் கேட்போம்: "பேரவைக்கும் ஆணைக்குழுக்களுக்கும் ஆள் தேடும்போது மலையகத்தவர் ஒருவரின் பெயரைச் சொன்னீர்களா?"