வீதி யாருக்கு உரியது?



ஒருவர் தம் வீட்டு அலுமாரியை இடம் போதவில்லையென்று வீதியோரத்திற் கொண்டுபோய் வைத்தால் அயலார் பொறுப்பரோ? பொறார். ஆயின், அவரே தம் மோட்டார் வண்டியை அதேயிடத்தில் இரவும் பகலும் நிறுத்திவைத்தால் எவரும் ஏனென்று கேட்பதில்லை. அலுமாரியைப் போலவே வண்டியும் தனியுடைமை, வீதியோ பொதுவுடைமை. குடியிருப்பு வீதிகளில் வண்டி தரிப்பதற்கு நகரங்கள் விதி வகுப்பதன் காரணம் இதுவே. இதனை இரு நாடுகளின் அனுபவங்கொண்டு நோக்குவோம்.

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனுக்கு ஆற்றின் மறுகரையில், வெர்ஜீனியா மாநிலத்தில், ஆர்லிங்டன் என்னும் பகுதி உளது. அங்குள்ள பெரிய அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் வருவோர் அருகிலிருந்த குடியிருப்பு வீதிகளில் வண்டிகளை நிறுத்தலாயினர். எனவே, வேலைநாட்களிற் பகல்வேளையில் அனுமதிச் சீட்டுப் பெற்ற வண்டிகளே அவ்வீதிகளில் தரிக்கலாமென நிருவாகம் விதித்தது. அங்கு வசிப்போர்க்குச் சீட்டு இலவசமாக வழங்கப்பட்டது. வெளியிலிருந்து வேலைக்கு வந்தோர் வழக்குத் தொடுத்தனர். பொது வீதியில் ஒருவர்க்கு உரிமையும் மற்றவர்க்குத் தடையுமா என்பது அவர்கள் வினா. நியாயமான வினாவே. மாநில உயர்மன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும், 1977ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. புகையும் இரைச்சலும் விபத்தும் குறைதல், மக்கள் பொதுப் போக்குவரத்தை நாடுதல் ஆகிய நோக்கங்களுக்காக ஓரிடத்தில் வசிப்போரையும் வசியாதோரையும் வேறுபடுத்துவது அரசியலமைப்புக்கு முரணன்று என அது கூறியது.

யப்பான் நாடு இன்னும் ஒருபடி மேலே சென்றது. 1962ஆம் ஆண்டில் அங்கு இயற்றப்பட்ட சட்டம், வண்டி வைத்திருப்பவர் அதை நிறுத்துவதற்கு வீதிக்குப் புறம்பாக இடமொன்று தேடிக்கொள்ள வேண்டுமென்றது. அவ்விடம் இருப்பிடத்திலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் அமைதல் வேண்டும். வண்டி வாங்குவோர் இடத்தின் வரைபடத்தைப் பொலிசாரிடம் கொடுத்துச் சான்றிதழ் பெறவேண்டும். பெரும்பாலான பகுதிகளில் அஃதின்றி வண்டியைப் பதிவுசெய்ய இயலாது. இடத்தை முதலில் தேடு, வண்டியைப் பின்னர் வாங்கு என்பதே இச்சட்டத்தின் பொருள். ஆதலால், அங்கு மிக ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் மனிதர் நடக்க வழியுண்டு.

இவ்விதிகளைத் தண்டப்பணம் பறிக்கும் சூழ்ச்சியென்று வெறுப்போர் உளர். அவர்கள் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். நள்ளிரவில் ஒரு வீடு தீப்பற்றுகிறது. ஒழுங்கையின் இருமருங்கும் வண்டிகள் நிற்க, தீயணைக்கும் வண்டி முகப்பிலேயே தடைப்படுகிறது. வண்டிக்காரர் எவரும் தீங்கு நினைத்தவரல்லர். தம் வசதியை மாத்திரமே நினைத்தவர். அந்த நினைவின் விலையை வேறொருவரன்றோ கொடுக்கிறார்!

ஆனால், விதி விதியாக விளங்க வேண்டுமாயின் அது யாவர்க்கும் ஒன்றாதல் வேண்டும். செல்வாக்குடையோர் வண்டியைக் காணாததுபோற் கடந்து, எளியவர் வண்டிக்கு மாத்திரம் தண்டம் விதிக்கும் ஊரில் மக்கள் சட்டத்தை மதியார். வீதி எல்லோருக்கும் உரியது. அதனாலேயே அது எவரொருவர்க்கும் தனியே உரியதன்று.