வெட்டப்படும் பேட்டிகள்

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேசப்போவது கடவுளைப் பற்றியோ புராணத்தைப் பற்றியோ அல்ல. டெலிவிஷனில் யாருடைய பேட்டி வெளிவருகிறது, யாருடைய பேட்டி பெட்டிக்குள்ளேயே மக்கிப் போகிறது, அதை முடிவு செய்கிறவர் யார் என்பதைப் பற்றியேயாகும். நமக்கென்ன அதைப் பற்றி என்று கேட்பீர்கள். இம்மலைக்காரர்களுக்கு உள்ள சம்பந்தம் வேறெவருக்கும் இல்லை என்பதே நமது அபிப்பிராயம்.

2015-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி, திருப்பதிக்கு அடுத்த சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டவந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீசார் 20 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். இந்த மலையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. அன்று முதலில் கேட்ட குரல் எது? போலீசாருடையது. கல்லெறிந்தார்கள், கோடரியோடு பாய்ந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றார்கள். செத்தவன் பேட்டி கொடுக்க முடியாதல்லவா? ஆனால் தப்பியவர்கள் இருந்தார்கள். கூட வந்தவர்களைப் போலீசார் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனபோது, ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தப்பியதாக ஒருவர் சொன்னார். பஸ்ஸில் பிடிபட்டவன் காட்டில் கோடரி வீசியது எப்படி? இந்தக் கேள்வி தேசிய மனித உரிமை ஆணையம் வரையில் போயிற்று. அவர் பேசியதை "ஆதாரம் போதாது" என்று யாராவது ஒதுக்கியிருந்தால், போலீசார் சொன்னது மாத்திரமே சரித்திரமாகியிருக்கும்.

அப்படியானால் ஆசிரியருக்குப் பொறுக்கும் உரிமையே கூடாதா? கூடாதென்று நாம் சொல்லவில்லை. விபூதி கொடுத்துப் புற்றுநோயைத் தீர்த்தேன் என்கிற சாமியாரின் பேட்டியைக் குப்பையில் போடுவது ஆசிரியரின் கடமை. பொய்யென்று தள்ளுவது வேறு. பயந்து தள்ளுவது வேறு.

அதே வருஷம் மார்ச்சு மாதத்தில், பெண்ணுக்குத் தாலி வேண்டுமா என்று பெண்களே பேசிய ஒரு நிகழ்ச்சியை 'புதிய தலைமுறை' டெலிவிஷன் தயாரித்து விளம்பரமும் செய்தது. மதவாதிகள் மிரட்டினார்கள். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. நிறுத்தியும் விட்டார்களா? 8-ந் தேதி காமிராக்காரர் அடிபட்டார். 12-ந் தேதி அலுவலகத்தின்மீது டிபன் பாக்ஸ் குண்டு வீசப்பட்டது. குண்டுக்கு முன் நின்ற ஆசிரியரை நாம் ஏசவரவில்லை. ஆனால் வாய்திறந்து பேசிய அந்தப் பெண்களுக்கு யார் பதில் சொல்வது?

நம்மிடத்திலும் இந்தக் குற்றம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்துப் பூசாரியைப் பேட்டி கண்டோம். திணறுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "தட்டில் விழுவதைவிட நூறுநாள் வேலையில் எனக்கு அதிகம் வருகிறது, அப்பன் அடித்த மணியென்று அடிக்கிறேன், அவ்வளவுதான்" என்றார். நமக்கு வேண்டிய முட்டாளாக அவர் இல்லை. ஆகையால் அதை நாம் அச்சிடவில்லை. யோக்கியமான காரியமா அது?

ஆகவே தோழர்களே! மைக்கைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும், தேனையும் சாமையையும் கோடை விழாவையும் பற்றி மாத்திரம் பேசி அனுப்பிவிடாதீர்கள். கூலியைச் சொல்லுங்கள், காட்டுக்கு ஆள் பிடிக்கிற தரகனைச் சொல்லுங்கள். சொல்வதை உங்கள் செல்போனிலும் பதிந்து வையுங்கள். வெளிவராவிட்டால், ஏன் வரவில்லை என்று எழுதிக் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் நாம் அந்தப் புளியமரத்தடியில் இருப்போம். சொல்ல வேண்டியவர்கள் வாருங்கள். நம்மை வைவதாயிருந்தாலும் எழுதிக்கொள்கிறோம்.