எழுத்தெண்ணிப் படிப்போம்

ஆழக் கற்றவரை ‘எழுத்தெண்ணிப் படித்தவர்’ என்கிறோம். தத்துவ நூலின் நடையை ஆராய எண்ணவும் வேண்டும், படிக்கவும் வேண்டும் என்பதே என் கட்சி. 1897இல் போலந்து அறிஞர் லூத்தோஸ்லாவ்ஸ்கி, பிளேட்டோவின் உரையாடல்களில் எது முந்தியது எது பிந்தியது என்று காண, ஏறத்தாழ 500 நடைக்கூறுகளைக் கணக்கெடுத்தார். பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தாராகிய நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. வெள்ளாற்றைத் தாண்டினால் பெண்ணாடம். சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் பிறந்த ஊர். அவருடைய சிவஞானபோதம் 12 நூற்பா, 40 அடி. அதை வடமொழி ரௌரவாகமத்தின் மொழிபெயர்ப்பு என்பார் உண்டு, தமிழ் முதல்நூல் என்பாரும் உண்டு. முதல் நூற்பாவோ ‘புலவர் கூறுவர்’ என்ற பொருளில் தொல்காப்பியர் கையாளும் வாய்பாட்டிலேயே முடிகிறது. இதைக் கண்டதும் முதல்நூலே என்று கைதட்டிவிடலாமா? கூடாது. மொழிபெயர்ப்பவருக்கும் அந்த வாய்பாடு தெரிந்திருக்குமே! ஓரிடம் சான்றாகாது, நூல் முழுக்கத் தேடி எண்ணினால்தான் வழக்கு விசாரணைக்கே வரும்.

ஞானத்தை எண்ணிக்கையில் அடக்குவதா என்று சிலர் கேட்கலாம். ஞானத்தை யாரும் அளக்கவில்லை. அதைச் சொன்ன விதத்தைத்தான் அளக்கிறோம். இதைவிட வலுவான தடை வேறொன்று உண்டு. செய்யுளில் ஏகாரம் தேற்றத்துக்கும் வரும், பிரிநிலைக்கும் வரும், வெறும் ஈற்றசையாகவும் வந்து உட்காரும். கணினிக்கு எல்லாம் ஒரே ‘ஏ’. யாப்புக்காக வந்ததையும் அது ஆசிரியர் கணக்கில் எழுதிவிடும். சிவஞானபோதத்தில் இன்னொரு சிக்கல்: மேற்கோளும் (நிறுவவந்த கருத்து) ஏதுவும் (அதற்கான காரணம்) மெய்கண்டாரின் உரைநடையில் இருக்கின்றன, எடுத்துக்காட்டு 81 வெண்பாக்களில் இருக்கிறது. ஆகவே அந்த 40 அடியை மட்டும் எண்ணுகிறவர் முடிவுகளை எண்ணுகிறார், வாதத்தை அல்ல. மெய்கண்டாரின் மாணவர் அருள்நந்தியாரின் சிவஞான சித்தியாரில், பிறர் கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே உலகாயதர் (பொருள்முதல்வாதிகள்) முதலான பிறர் கட்சியை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார். குரல் பிரிக்காமல் எண்ணினால் உலகாயதரின் சொல்லெல்லாம் அருள்நந்தியார் நடையாகிவிடும்! குரலைப் பிரிப்பது எண்ணின் வேலையல்ல, உரை கற்றவரின் வேலை. அதற்கு முன்மாதிரி சிவஞான முனிவர். சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை எழுதியவர்; இலக்கண உரையான நன்னூல் விருத்தியைத் திருத்தியவரும் அவரே. இலக்கணம் ஒருவர் கையிலும் தத்துவம் இன்னொருவர் கையிலும் இருக்கட்டும் என்று அவர் விடவில்லை.

இவ்விரு மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளுக்கும் கணினித்துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சேர்ந்து உட்காருங்கள். ஒவ்வொரு இடைச்சொல்லுக்கும் பொருளையும், ஒவ்வொரு வரிக்கும் அது யார் குரல் என்பதையும் முதலில் குறியுங்கள், பிறகு எண்ணுங்கள். சிவஞானபோதத்தின் 40 அடி, அதன் உரைநடை, 81 வெண்பா, அவ்வளவுதான். இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.