ஸ்டாண்ட் பாடக் கூடாது

நல்ல ஸ்பீக்கருக்குத் தேடித் தேடிச் செலவழிப்பவர்கள்கூட, அது நிற்கும் ஸ்டாண்டைப் பொருட்படுத்துவதில்லை. அந்த இரும்புக் காலும் இசையோடு சேர்ந்து பாடுகிறது. அதன் வாயை அடைப்பது காசைவிடக் காதை நம்பும் ஒரு கைவேலை. இசை கேட்பவர் ஒவ்வொருவரும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே பாயும்போது பெட்டி பின்னே தள்ளப்படுகிறது. நியூட்டன் சொன்ன எதிர்வினைதான். தள்ளல் மிகச் சிறிது, ஆனால் உள்ளீடற்ற இரும்புக் குழாய்க்கு அது போதும். குழாய்க்கென்று ஒரு சுருதி உண்டு. இசையில் அந்தச் சுருதி வரும்போதெல்லாம் அதுவும் கூடவே ஒலிக்கும். வாசித்தவர் நிறுத்திய பிறகும் சற்று நீளும். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி தெளிவிழந்து கேட்டால், குழாயையும் சந்தேகப்படுங்கள்.

விரலை மடக்கி அதைத் தட்டிப் பாருங்கள், பானை வாங்குபவர் தட்டுவதுபோல. ‘டொக்’கென்று அடங்கினால் விட்டுவிடலாம். ‘ணங்’கென்று நீண்டால் மணல் வேண்டும். கழுவி, வெயிலில் ஈரம் துளியுமில்லாமல் காயவைத்த மணல். ஈரம் இருந்தால் உள்ளே துருவேறும். குழாயின் அடித்துளைகளை டேப் ஒட்டி அடைத்துவிட்டு, கொஞ்சம் கொட்டுங்கள், தட்டிக் கேளுங்கள், மறுபடி கொட்டுங்கள். மணல்துகள்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்வை வெப்பமாக்கிவிடும். ‘ணங்’ மறைந்த இடத்தில் நிறுத்தலாம்.

1970களில் பிபிசி பொறியாளர்கள், வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்எஸ்3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கரை உருவாக்கினார்கள். உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். பெட்டியைக் கனமாகக் கட்டாமல், மெல்லிய ஒட்டுப்பலகையில் செய்து, உட்புறம் தார்ப்பட்டைகளைப் பதித்தார்கள். அதிர்வை எதிர்த்து நிற்பதைவிட அதைச் சட்டென்று அடங்கவைப்பதே மேல் என்ற அந்தத் தெளிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஸ்டாண்டில் மணல் செய்வதும் அதே வேலைதான். பெட்டிக்கும் மேல்தட்டுக்கும் நடுவே, நான்கு மூலையிலும் கடலை அளவு ப்ளூ-டாக் என்ற ஒட்டும் பசையை உருட்டி வையுங்கள். பெட்டி நகராது, தட்டோடு மோதிக் கிடுகிடுக்காது.

ஸ்டாண்டின் அடியில் பொருத்தும் கூரான ஸ்பைக்குகளை விற்பனையாளர்கள் வெகுவாகப் புகழ்வார்கள். மேல்நாட்டு வீடுகளில் கனத்த கம்பளத்தைத் துளைத்துத் தரையைத் தொட அவை தேவை. கம்பளமே இல்லாத நம் டைல்ஸ் தரையில் அவை கீறலைத்தான் தரும். மாடியில் குடியிருந்து, கீழ்வீட்டாரை நினைத்துக் கவலைப்படுபவர்கள் ரப்பர் பேட் வைக்கலாம், எடைக்குப் பொருந்துவதாகப் பார்த்து. ரப்பரும் அதன் மேலுள்ள சுமையும் சேர்ந்து இயல்பாக ஆடும் அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் என்றால், ஏறத்தாழ 14 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அது தடுக்கத் தொடங்கும். சுமைக்கு மிஞ்சிய கடினமான ரப்பரில் இந்த எல்லை மேலேறி, அடிநாதம் அப்படியே தரைக்குள் இறங்கிவிடும்.

இவ்வளவும் செய்து ஏதோ ஒரு அடிச்சுரம் மட்டும் வீங்கி ஒலித்தால், அந்த நேரம் ஸ்டாண்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லையா? அப்படியானால் அது பெரும்பாலும் அறையின் வேலை. 10 அடி அகல அறை, 56 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தானாகவே பெருக்கும். அதற்கு மணலும் ரப்பரும் உதவாது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடி முன்னே இழுத்தோ, நீங்கள் உட்காரும் நாற்காலியை நகர்த்தியோ கேட்டுப் பாருங்கள்.