மார்கழி மாவும் காரின் புகையும்

மார்கழி விடியலில் மயிலாப்பூர் வீடொன்றில் இட்லிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றப் போகிறார்கள். மாவுத் தூக்கைத் திறந்தால், ராத்திரி வைத்தது வைத்தபடியே கிடக்கிறது. கத்திரி வெயில் நாளென்றால் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் வழிந்திருக்கும். அரிசியும் உளுந்தும் அதேதான். அரைத்த கையும் அதேதான்.

சென்னையில் மே மாத இரவு 28 டிகிரி என்றால், ஜனவரியில் 21. ஏழு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் 10 டிகிரி கூடினால் பல வேதிவினைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரைவாகும். அந்தக் கணக்கில், கோடையில் 6 மணி நேரத்தில் பொங்கும் மாவு மார்கழியில் 10 மணி நேரம் கேட்கிறது. குறிப்பிட்ட அளவு ஆற்றலை எட்டிய மூலக்கூறுகளே வினைபுரிகின்றன என்று 1889-ல் விளக்கினார் ஸ்வீடன் நாட்டு அர்ரீனியஸ். சூடு கொஞ்சம் ஏறினாலும் அப்படி எட்டுபவை மளமளவென்று பெருகிவிடும். அதற்காக மாவை அடுப்பருகே ஒட்டிவைத்தால், அதைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்களே செத்துப்போகும். அப்புறம் பொங்குவது எங்கே?

சூட்டை ஏற்றாமலே விரைவாக்க வினையூக்கி இருக்கிறது. தீபாவளி நேரத்தில் கூட்டம் நெரியும் ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். இடித்துத் தள்ளிக்கொண்டு போவது சூட்டின் வழி. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து 2023-ல் திறந்தார்களே, ஆகாய நடைமேம்பாலம், அது வினையூக்கியின் வழி. எத்தனை பேர் நடந்தாலும் பாலம் தேய்ந்து தீர்ந்துவிடுவதில்லை.

காருக்கு அடியிலும் அப்படியொரு பாலம் இருக்கிறது: கேட்டலிடிக் கன்வெர்ட்டர். தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். தானாக எரிய 600 டிகிரி வரை கேட்கும் கார்பன் மோனாக்சைடு, இதன்மேல் 300 டிகிரிக்குள்ளேயே கார்பன் டை ஆக்சைடாகிவிடுகிறது. 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. கூடவே ஈயமில்லாத பெட்ரோலும் பங்க்குகளுக்கு வர வேண்டியிருந்தது. ஈயம் பிளாட்டினத்தின்மேல் படிந்தால் பாலத்தை அடைத்த மாதிரிதான். நாடு முழுக்க ஈயம் ஒழிய 2000 வரை ஆயிற்று. கன்வெர்ட்டரால் வந்த நன்மையைவிட, ஈயம் போனதையே பெரிய லாபமென்று நான் நினைக்கிறேன்.

ஒரு சங்கதி. இந்த வினையூக்கிக்கும் முதலில் சூடு வேண்டும். குளிர்ந்த இன்ஜினை முடுக்கிய முதல் ஓரிரு நிமிடம் புகை அப்படியே வெளியே போகும். மாவு பொங்கவில்லையே என்று அடையாற்றில் தெருமுனைக் கடைக்குக் காரெடுத்துப் போகிறவர், பாக்கெட் மாவை வாங்கித் திரும்பும்போதுதான் கன்வெர்ட்டர் வேலைக்கே வந்திருக்கும்.